பத்து லட்சத்துக்குள் சின்ன ஃபோர் வீல் டிரைவ்: லடாக் முதல் தவாங் வரை எதை நம்பிப் போகலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் மூன்று மாதம் வண்டியிலேயே சுற்றப்போகிறார்கள். லடாக், ஸ்பிதி, அப்புறம் வடகிழக்கில் தவாங். நடுவில் சில வாரங்கள் அவருடைய அப்பாவும் வந்து சேர்ந்துகொள்வார். கையில் 10 லட்சம். பழைய மாருதி ஜிப்சி வாங்கலாமா, மாருதி ஜிம்னியா, மஹிந்திரா 'தார்' வண்டியா? கூரைமேல் கூடாரம் மாட்டிக்கொண்டால் அறை வாடகை மிச்சமாகுமே, அது சரியா? இவைதான் கேள்விகள்.

முதலில் ஒரு விஷயம். ஜூலை, ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே போக ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் இல்லை. லே டாக்ஸிக்காரர்களில் பெரும்பாலானோர் சாதாரண டூ வீல் டிரைவ் வண்டியில்தான் கார்துங் லா ஏறி இறங்குகிறார்கள். உங்கள் பயணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தார் ரோடு. திருப்பூரிலிருந்து பஞ்சாப் தாண்டும் வரை நாள் முழுக்க நெடுஞ்சாலைதான். ஆகவே நீங்கள் வாங்கும் வண்டி நெடுஞ்சாலையில் எட்டு மணி நேரம் உட்கார வைத்தாலும் முதுகை உடைக்காததாக இருக்க வேண்டும். மீதிப் பத்துக்கும் குறைவான பங்குக்கு ஃபோர் வீல் வேண்டும். ஆனால் அந்தப் பங்கில்தான் வண்டி நடுவழியில் நிற்கும்.

அது எப்படிப்பட்ட இடம்? மணாலியிலிருந்து ஸ்பிதி போகும்போது, கிராம்ஃபூவிலிருந்து பட்டல் போகும் வழியில் 'பாகல் நாலா' என்று ஓர் ஓடை இருக்கிறது. காலையில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே பனி உருகி மதியத்துக்குமேல் அதே இடத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். அடியில் தேங்காய் அளவு உருண்டைக் கற்கள். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறி நிற்கும், மறுபக்கம் சும்மா சுற்றும். அங்கே இஞ்சின் பவர் உதவாது. நடை வேகத்துக்கும் கீழே, கிளட்சைத் தொடாமல் ஊர்ந்து போகும் 'லோ ரேஞ்ச்' தான் உதவும். ஜிம்னியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை இரண்டு மடங்காகிறது. தார் வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. விளம்பரத்தில் 'ஆல் வீல் டிரைவ்' என்று போட்ட வண்டி எல்லாவற்றிலும் இது கிடையாது. மாருதி கிராண்ட் விட்டாராவின் 'ஆல்கிரிப்' என்ற ஆல் வீல் டிரைவில் லோ ரேஞ்ச் இல்லை. சேற்றுக்கும் லேசான பனிக்கும் அது போதும், இந்த மாதிரி ஓடைக்குப் போதாது.

லோ ரேஞ்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு, காற்று. டர்போ இல்லாத இஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பவரை இழக்கும். 5,300 மீட்டருக்கு மேல் உள்ள கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஜிம்னியின் 105 குதிரைத் திறன் அங்கே 55, 60 ஆகிவிடும். ஜிப்சியின் 80 அங்கே 40 சொச்சம். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து நின்றுவிட்டீர்கள், சாமானும் ஆட்களும் ஏற்றியிருக்கிறீர்கள், மறுபடி நகர வேண்டும். முதல் கியரில் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்துக் கிளம்பினால் கருகல் வாடை வந்துவிடும். மண் ரோடாக இருந்தால் ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் லோ ரேஞ்ச் போட்டு நிம்மதியாக எடுக்கலாம். டர்போ டீசல் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் டர்போ காற்றைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும். சின்ன வண்டியால் உயரம் ஏற முடியவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2007இல் சிலி நாட்டுக்காரர் இருவர் மாற்றியமைத்த சுசுகி சாமுராய் ஒன்றை ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர் வரை ஏற்றினார்கள். சாமுராய் நம் ஜிப்சியின் ஒன்றுவிட்ட தம்பி. அதில் டர்போ மாதிரியே காற்றை உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் இருந்தது, அதோடு கைகொடுத்தது வண்டியின் எடைக் குறைவு.

எடை என்று சொன்னேன், இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். சின்ன வண்டி வாங்குகிறவர்கள் குதிரைத் திறன், கிரவுண்ட் கிளியரன்ஸ், மைலேஜ் எல்லாம் கேட்பார்கள். எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்பவர் அரிது. ஐந்து கதவு ஜிம்னியின் வெறும் எடை 1,195 முதல் 1,210 கிலோ. ஆட்கள், சாமானோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 1,545 கிலோ. நீங்கள் ஏற்றக்கூடியது 335லிருந்து 350 கிலோ, அவ்வளவே.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பெரியவர்கள் 195 கிலோ. தண்ணீர் 20 லிட்டர், 20 கிலோ. கேனில் கூடுதல் பெட்ரோல் 20 லிட்டர், 15 கிலோ. அடுப்பு, சமையல் சாமான், அரிசி பருப்பு 20. துணிமணி, போர்வை, படுக்கை 35. ஜாக்கி, டூல்ஸ், ஸ்பேர் பாகங்கள், கயிறு, கம்ப்ரெசர் 30. மொத்தம் 315. இதற்குமேல் கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் கேரியரும் சேர்த்து இன்னொரு 80 கிலோ வந்தால் 395. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அதுவும் அந்த 80 கிலோ வண்டியின் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும். ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர்தான். குறுகலும் உயரமுமான வண்டிக்குத் தலையில் பாரம் வைத்தால் வளைவில் அது சாய்வதை நீங்களே உணர்வீர்கள். கூரைக் கூடாரம் வேண்டாம். தரையில் விரிக்கும் நான்கு கிலோக் கூடாரம் வாங்குங்கள். மழை, காற்று என்றால் ஊர்க்காரர் வீட்டில் தங்குங்கள். ஸ்பிதியில் அந்த வசதி நிறையவே இருக்கிறது, சூடான சாப்பாடும் கிடைக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜிப்சியில் முதல் தடவை லே போனபோது கேரியர் நிறையக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு ஸ்டெப்னி, நாற்பது லிட்டர் பெட்ரோல், மடக்கு மேஜைகூட. பாங் தாண்டி மோரே சமவெளியில் ரோடு முழுக்க வரிவரியாக அலை விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் அதில் ஓடியபின் பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வலது பின் லீஃப் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை, முனையில் உள்ள வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டாகப் போயிருந்தது. உடைந்த இடத்தில் பாதி துருப்பிடித்த கறுப்பு, பாதி புது வெள்ளி நிறம். அதாவது விரிசல் பல நாளாகவே இருந்திருக்கிறது, பாரம் அதை முடித்து வைத்திருக்கிறது. கிளம்புமுன் படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் பழைய டயர் டியூபை நீளநீளமாகக் கிழித்து, பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். மேஜையையும் ஒரு ஸ்டெப்னியையும் அவர் லாரியிலேயே ஏற்றிக்கொண்டார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு மறுநாள் மாலை லே போய்ச் சேர்ந்தேன். லாரிப் பட்டறை ஒன்றில் வேறு பட்டையை வெட்டி, வளைத்து, துளை போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலை. அந்தப் பட்டையோடுதான் கோவை வரை திரும்பி வந்தேன்.

இந்தக் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பாரம் ஏற்றினால் எந்த வண்டியும் உடையும். உடைந்ததை அந்த இடத்திலேயே சரி செய்ய முடிகிற வண்டி வேண்டும். இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிப்சி 1985 கடைசியில் வந்தது. ஆரம்பத்தில் 970 சிசி இஞ்சின், நான்கு கியர். 1996இல் 1,298 சிசி 'கிங்' வந்தது. 2000 வாக்கில் அதற்கு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு) கொடுத்து 80 குதிரைத் திறன் ஆக்கினார்கள். வாங்கினால் எம்பிஎஃப்ஐ மட்டும் வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு உயரம் ஏற ஏறக் காற்று குறையும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் போய்க்கொண்டிருக்கும். கறும்புகை விட்டு, மூச்சு வாங்கி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ராணுவம் ஆயிரக்கணக்கில் ஜிப்சி வைத்திருந்ததால் மலை ஊர்களில் அதன் நட்டு போல்ட்டு தெரிந்த மெக்கானிக் இல்லாத இடம் குறைவு. எடை ஒரு டன் அளவுதான். ஆனால் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள், காதில் இரைச்சல் ராத்திரி தூக்கத்திலும் கேட்கும். அப்பாவையும் கூட்டிப்போகும் பயணத்துக்கு மனமறிந்து இதைச் சொல்ல மாட்டேன். தனியாள், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், நிதானமாகப் போகிறவர் என்றால் நான்கைந்து லட்சத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ராணுவ ஏல வண்டி என்று சொல்லி விற்க வந்தால் ஆர்.சி. புத்தகம் கையில் வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பழைய தார், அதாவது 2010லிருந்து 2020 வரை வந்த சிஆர்டிஇ, 2.5 லிட்டர் டர்போ டீசல். உயரத்தில் இழுவை அருமை. பொலேரோ, ஸ்கார்பியோ பார்க்கிற கை எல்லா ஊரிலும் இருப்பதால் பழுதுக்கும் பயமில்லை. ஆனால் பின்னால் எதிரெதிர் பெஞ்சு, மேலே துணிக்கூரை. தூசி உள்ளே வந்துகொண்டே இருக்கும். பூட்டி வைக்க இடமும் இல்லை. 2020 அக்டோபரில் வந்த புதுத் தார் நல்ல வண்டிதான். 226 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், 57 லிட்டர் டேங்க், குளோபல் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் நான்கு நட்சத்திரம். டீசல் ஃபோர் வீல் பழையது உங்கள் பட்ஜெட்டை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். எனக்கு உறுத்துவது வேறு. மூன்று கதவு வண்டி. முன் சீட்டை மடக்கி அறுபது தாண்டியவர் தினமும் நான்கு தடவை பின்னால் ஏறி இறங்க வேண்டும். பின் சீட்டில் ஆள் இருந்தால் சாமானுக்கு ஒரு பை வைக்கும் இடம்தான். இருவர் மட்டும் போவதாக இருந்து, பின் சீட்டை மடக்கிவிடலாம் என்றால் என் பதில் மாறியிருக்கும். ஐந்து கதவுத் தார் ராக்ஸ், ஃபோர்ஸ் குர்க்கா இரண்டும் உங்கள் பணத்துக்கு வெளியே. விட்டுவிடுவோம்.

பலரும் மறந்துபோன ஒன்று ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ். 2014இல் வந்தது, 110 குதிரைத் திறன் டீசல். லோ ரேஞ்ச் இல்லை, அதற்குப் பதில் முதல் கியரை மிகவும் குட்டையாக வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் இந்தப் பட்டியலிலேயே சொகுசு இதுதான், டிக்கியும் பெரிது. குறை, பாகம். அந்த வகை இப்போது தயாரிப்பில் இல்லை. பின் டிஃபரன்ஷியலிலோ கப்ளிங்கிலோ கோளாறு வந்தால் கீலாங் மாதிரி மலை ஊரில் உட்கார்ந்து டெல்லியிலிருந்து பார்சல் வரக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது 2023 அல்லது அதற்குப் பிந்தைய ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர், ஒரு கை மாறியது. 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் விற்பனை தொடங்கியது. அதே வருடக் கடைசியில் நிறுவனமே 10.74 லட்சத்திலிருந்து ஒரு பதிப்பை விற்றது. அதனால் பழைய வண்டி விலையும் இறங்கிவிட்டது. பேரம் பேசினால் உங்கள் பணத்துக்குள் முடியும். ஏணிச் சட்டச் சேஸிஸ், முன்னும் பின்னும் கட்டி ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது), லோ ரேஞ்ச், 210 மில்லிமீட்டர் கிளியரன்ஸ். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் வண்டியே அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்பும். பாகல் நாலா மாதிரி இடத்தில் இதுதான் கரை சேர்க்கும். இஞ்சின் எர்டிகாவில் ஓடிய அதே 1.5 லிட்டர் கே15பி. எர்டிகா டாக்ஸி ஓடாத மாவட்டம் ஏது? ஆயில் ஃபில்டர், பெல்ட், சென்சார், இக்னிஷன் காயில் எல்லாம் பெரும்பாலான ஊரில் கிடைக்கும். முன் சீட்டைப் பின்னால் சாய்த்தால் பின் சீட்டோடு சேர்ந்து ஒரு படுக்கை மாதிரி வரும். மேடு பள்ளம் இருக்கும், மேலே ஒரு ஃபோம் போட்டால் அவசரத்துக்கு இருவர் படுக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட்டில் ஆள் இருக்கும்போது டிக்கி 208 லிட்டர்தான், இரண்டு நடுத்தரப் பெட்டி. டேங்க் 40 லிட்டர். மணாலி-லே வழியில் தண்டி என்ற ஊரின் பங்க் வாசலில் அடுத்த பெட்ரோல் 365 கிலோமீட்டர் தாண்டித்தான் என்று போர்டு வைத்திருப்பார்கள். மலையில் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தால் 440 கிலோமீட்டர் வரும், லே போய்விடலாம். ஆனால் லடாக்கில் ஹான்லே, உம்லிங் லா பக்கம் சுற்ற 20 லிட்டர் இரும்புக் கேன் கட்டாயம். செலவு, ஏறக்குறைய 12,000 கிலோமீட்டருக்குச் சராசரி பதின்மூன்று கொடுத்தால் 920 லிட்டர் சொச்சம். ஏறத்தாழ தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள்.

ஃபோர் வீல் வண்டி பழகாதவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது. இந்த வகை வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இல்லை, முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் அந்த முறுக்கு முழுக்கக் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும். மண், சேறு, பனி வரும்போது போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். இறக்கத்தில் ஃபோர் வீல் இருப்பதால் பிரேக் கூடுதலாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போட்டு முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு மண் மேடு தேடி, ஃபோர் லோ போட்டு, ஆக்ஸிலரேட்டர் தொடாமல் ஏற்றி இறக்குங்கள். கடகட சத்தம், கியர் வெளியே குதிப்பது, வழக்கமில்லாத உதறல் இருந்தால் திரும்பிவிடலாம். அப்புறம் இரண்டு டிஃபரன்ஷியலின் ஆயில் பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, யாரோ ஆற்றில் இறக்கி விளையாடியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் 80 தொடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்றும் பாருங்கள். கட்டி ஆக்சில் வண்டிகளில் கிங்பின் பேரிங் தேய்ந்தாலோ புஷ் போனாலோ வீல் பேலன்ஸ் கெட்டாலோ அது வரும். சரி செய்யக்கூடியதுதான், ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கியபின் உயர்த்துவது, பெரிய டயர் போடுவது எதுவும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் ஐந்து, டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரெசர், பஞ்சர் கிட், இழுக்கும் பட்டை, ஒரு மடக்கு மண்வெட்டி. மணலிலும் சரளையிலும் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் வண்டி வேறு வண்டி மாதிரி நடக்கும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றுங்கள்.

பழைய ஜிப்சியோ பழைய தாரோதான் என்று முடிவெடுத்தால் டெல்லி சுற்றுவட்டாரம் பற்றி ஒரு வார்த்தை. பத்து வருடம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோலுக்கும் அங்கே கட்டுப்பாடு இருந்து வருகிறது, விதி அடிக்கடி மாறுகிறது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பிகானேர், ஸ்ரீ கங்காநகர் வழியாகப் பஞ்சாப் போய்விடுங்கள், சுற்றுதான் என்றாலும் நிம்மதி.

காலம், ஆகஸ்ட் கடைசியில் கிளம்புங்கள். செப்டம்பரில் லடாக், மாதக் கடைசியில் ஸ்பிதி. அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்கில் மழை அடங்கியிருக்கும், அப்போது தவாங். அருணாசலுக்கு இன்னர் லைன் பெர்மிட் எடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறந்தபின் அந்த வழி எளிதாகிவிட்டது.

பத்து லட்சம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சம் டயர், சர்வீஸ், ஸ்பேருக்கு நிற்கட்டும். கிளம்ப ஒரு மாதம் முன்பு பயணத்துக்கு உள்ள எல்லாச் சாமானையும் ஏற்றி, டேங்க் நிரப்பி, மூவரும் உட்கார்ந்து, ஒரு லாரி எடை மேடையில் நிறுத்தி எடை போடுங்கள். அப்படியே வால்பாறையின் 40 கொண்டை ஊசிகளையோ கொல்லிமலையின் 70ஐயோ ஏறி, இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். எந்தப் பையைத் திறக்கவே இல்லை என்று அப்போது தெரியும். எடைச் சீட்டில் 1,545க்கு மேல் வந்திருந்தால் சாமான் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள். எதை இறக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.